தட எண் பார்த்து ஊர் பார்ப்போம்

நேயர்களுக்கு வணக்கம்.

புதிய நகரம் ஒன்றுக்குப் போகிறவர்களிடம் என்னென்ன பார்க்கப்போகிறீர்கள் என்று கேட்டால், அரண்மனை, கோட்டை, அருங்காட்சியகம் என்று வரிசையாகச் சொல்வார்கள். அவற்றைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் அதெல்லாம் விருந்தாளிக்காகக் கூட்டிப் பெருக்கி வைத்த கூடம். அடுப்படியும் கொல்லைப்புறமும் பார்க்க வேண்டுமானால், ஊர்க்காரர்கள் ஏறும் பஸ்ஸில்தான் ஏற வேண்டும்.

சுற்றுலாப் பேருந்து போகும் வழியை முடிவு செய்பவர், எதைக் காட்டலாம் என்று யோசிக்கிறார். நகரப் பேருந்தின் வழியை முடிவு செய்வது மக்களின் தேவை. நேரே போக வேண்டிய பஸ் திடீரென்று இடப்பக்கம் திரும்பி, இரண்டு தெரு சுற்றிவிட்டு மறுபடியும் பெரிய சாலைக்கு வருகிறதா? அந்த வளைவைக் கவனியுங்கள். அங்கே ஒரு மருத்துவமனையோ சந்தையோ கல்லூரியோ இருக்கும். சில இடங்களில் ஒன்றுமே இருக்காது. எப்போதோ மூடிவிட்ட ஆலைக்காக வளைந்த பஸ், பழக்க தோஷத்தில் இன்றும் வளைந்துகொண்டிருக்கும். எந்த வழிகாட்டிப் புத்தகமும் இதை எழுதுவதில்லை.

வழியை முடிவு செய்வது மக்களின் தேவை என்பதைத்தான் பஸ் பிறந்த கதையும் சொல்கிறது. 1662-இல் பாரிஸ் நகரில், கணித மேதை பிளேஸ் பாஸ்கல் முன்னின்று குதிரை வண்டிச் சேவை ஒன்றைத் தொடங்கிவைத்தார். குறித்த தடம், குறித்த கட்டணம். ஆள் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் வண்டி புறப்பட்டுவிடும். ஐந்து தடங்களில் ஒன்று நகரைச் சுற்றிவரும் வட்டத் தடம். ஆனால் படைவீரர்களும் வேலையாட்களும் கூலித் தொழிலாளர்களும் ஏறக் கூடாது என்று ஒரு தடை வந்தது. யாருக்கு வண்டி அதிகம் தேவையோ அவர்களையே தள்ளிவைத்த சேவை நிலைக்குமா? நிலைக்கவில்லை.

அடுத்தது 1826, பிரான்ஸின் நான்ட் நகரம். ஸ்தனிஸ்லாஸ் போத்ரி என்பவர் ஊருக்கு வெளியே வெந்நீர்க் குளியலகம் நடத்தினார். வாடிக்கையாளர்களை அழைத்து வர நகரின் நடுவிலிருந்து ஒரு வண்டி விட்டார். வண்டியில் கூட்டம் சேர்ந்தது, குளியலகத்தில் சேரவில்லை. ஏறியவர்கள் தங்கள் வேலை இருக்கும் இடத்தில் பாதி வழியிலேயே இறங்கிக்கொண்டார்கள்! மனிதர் கெட்டிக்காரர். குளியலகத்தை விட்டுவிட்டு வண்டித் தொழிலைப் பிடித்துக்கொண்டார்.

சரி, எந்தத் தடத்தில் ஏறுவது? பெர்லின் நகரின் 100 எண் பஸ் பெயர்பெற்றது. நகரை இரண்டாகப் பிரித்திருந்த சுவர் திறந்த மறு ஆண்டு, 1990-இல், மேற்கையும் கிழக்கையும் இணைத்து ஓடத் தொடங்கியது. விலங்குப் பூங்கா ரயில் நிலையத்திலிருந்து அலெக்ஸாண்டர் சதுக்கம் வரை, நாடாளுமன்றக் கட்டடம் உள்ளிட்ட முக்கிய இடங்களைச் சாதாரண டிக்கெட்டிலேயே பார்த்துவிடலாம். நல்ல தடம்தான். என்றாலும் அதுவும் கூடம்தான் என்பேன்.

என் விருப்பம், நகர மையத்தைத் தொடாமலே ஒரு புறநகரிலிருந்து இன்னொரு புறநகருக்குப் போகும் குறுக்குத் தடம். மையத்துக்குப் போகும் பஸ்ஸில் காலையில் எல்லோரும் ஒரே திசையில், ஒரே அவசரத்தில் இருப்பார்கள். குறுக்குத் தடத்தில் நான்கு நிறுத்தத்துக்கு ஒருமுறை பஸ்ஸுக்குள் இருக்கும் ஊரே மாறிவிடும். பள்ளிப் பிள்ளைகள் இறங்கினால் சந்தைப் பைகள் ஏறும். மருத்துவமனை நிறுத்தத்தில் ஒருவர் எக்ஸ்ரே உறையை மடங்காமல் நெஞ்சோடு அணைத்தபடி ஏறுவார். கூட்டம் தானாக அவருக்கு வழிவிடும். அவர் உட்கார்ந்தபின் உறையை உருவி, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். பக்கத்து இருக்கைக்காரரும் சேர்ந்து அண்ணாந்து பார்ப்பார். இருவருக்கும் ஒன்றும் புரியாது. ஆனால் பேச்சு தொடங்கிவிடும்.

வாசல் இருக்கும் பக்கத்து ஜன்னல் கிடைத்தால் விடாதீர்கள். நடைபாதையும் கடைகளும் அந்தப் பக்கம்தான். மறுபக்கம் உட்கார்ந்தால் எதிரே வரும் லாரிகளை எண்ணலாம். மாடிப் பேருந்தானால் மேல்தளத்து முன்வரிசை. தரைத்தளத்தைக் கடைப் பலகைகள் மறைத்திருக்கும். பழைய கட்டடத்தின் பெயரும் கட்டிய ஆண்டும் நெற்றியில் பொறித்திருப்பதை மேலிருந்துதான் படிக்க முடியும். காலை நெரிசலில் மட்டும் ஏறாதீர்கள். வேலைக்குப் போகிறவரின் இருக்கையில் நாம் வேடிக்கை பார்ப்பது நியாயமில்லை.

காத்திருக்கும்போது ஒரு பஸ்ஸும் வராமல், பிறகு இரண்டு சேர்ந்தாற்போல் வந்தால் எரிச்சலடைய வேண்டாம். தாமதமான பஸ்ஸுக்கு நிறுத்தத்தில் ஆள் அதிகம் சேரும்; அவர்களை ஏற்ற இன்னும் தாமதமாகும். பின்னால் வரும் பஸ்ஸில் ஏற ஆளே இல்லாததால் அது ஓடி வந்து முன்னதைப் பிடித்துவிடும். நீங்கள் பின்னதில் ஏறுங்கள், இடம் கிடைக்கும்.

கடைசி நிறுத்தம் வரை போய், இறங்கிக் கொஞ்சம் நடந்துவிட்டு, அதே எண்ணில் திரும்புங்கள். ஒருவழிப் பாதைகள் இருக்கும் ஊரில் திரும்பும் பஸ் வேறு தெருக்கள் வழியாக வரும். ஒரே தடத்தில் இரண்டு ஊர் பார்க்கலாம். நடக்கக் கிளம்புமுன், திரும்புவதற்கான கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று ஓட்டுநரிடம் கேட்டுவிடுங்கள். விடுமுறை நாளானால் இரண்டு முறை கேளுங்கள்.

நன்றி, வணக்கம்.