அளவுகோலைப் பார்த்துக் கற்ற இயந்திரம்

டர்பனிலும் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கமும் கேட்டுக்கொண்டிருக்கும் அம்மாமார்களுக்கும் ஐயாமார்களுக்கும் வணக்கம். ஐந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள், நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

வெள்ளைச் சேலையில் விழுந்த மல்லிகை இதழைத் தேடிப் பார்த்ததுண்டா? அடர்த்தியான மார்பின் மேமோகிராமில், அதாவது மார்பகத்தை எடுக்கும் எக்ஸ்ரே படத்தில், புற்றைத் தேடுவதும் அந்த மாதிரிதான். திசுவும் வெள்ளை, கட்டியும் வெள்ளை. ஒரு மார்புக்கு இரண்டு வீதம் ஆளுக்கு நான்கு படம். நாள் முழுக்க இதையே பார்த்தால் எந்த மருத்துவருக்கும் கண் சோரும். அங்கேதான் செயற்கை நுண்ணறிவைத் துணைக்கு வைக்கிறார்கள்.

கட்டி இப்படி இருக்கும் என்று அதற்கு யாரும் பாடம் எடுப்பதில்லை. ஏராளமான படங்களை, சதைப் பரிசோதனையில் வந்த முடிவோடு சேர்த்துக் காட்டுகிறார்கள். முடிவோடு ஒத்துப்போகிற எதையும் அது பிடித்துக்கொள்ளும். எதையும் என்றேன், அதை மறக்காதீர்கள்.

அமெரிக்காவில் தோல் புற்றுநோய்ப் படங்களைக் கொடுத்து ஒரு கணினி நிரலைப் பழக்கினார்கள். படத்தில் அளவுகோல் இருந்தால் அது புற்றுநோய் என்று சொல்லும் வாய்ப்பு கூடியது. ஏன்? சாதாரண மச்சத்துக்கு யார் அளவெடுப்பார்கள்? சந்தேகம் வந்தால்தான் மருத்துவர் அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுப்பார். இயந்திரம் மச்சத்தோடு மருத்துவரின் சந்தேகத்தையும் சேர்த்துப் படித்துவிட்டது! 2018இல் அந்த ஆய்வாளர்களே இதை எழுதினார்கள். அந்த நேர்மைக்கு ஒரு கும்பிடு.

நம் ஊருக்கு வருவோம். இங்கே காசநோய் அதிகம். ஆறிப்போன காசநோய்த் தழும்பு நுரையீரல் எக்ஸ்ரேயில் கட்டி போலவே தெரியும். காசநோயே அரிதான நாட்டுப் படங்களில் பழகிய நிரல் அதைப் புற்றுநோய் என்று சொல்லிவிடலாம். எந்த ஊர்ப் படம் கொடுத்தார்கள் என்பதுதான் என் முதல் கேள்வி, எப்போதும். அடுத்தது, சந்தேகம் எவ்வளவு என்று நிரல் படத்துக்கு ஒரு மதிப்பெண் போடும்; எத்தனை மதிப்பெண்ணுக்கு மேல் ஆளைத் திரும்ப அழைப்பது? அந்த எல்லைக் கோட்டைத் தாழ்த்தினால் வீண் பயம், உயர்த்தினால் நோய் தப்பிவிடும். எக்ஸ்ரேயில் காசநோய் தேட இத்தகைய நிரல்களை 2021இல் உலக சுகாதார நிறுவனம் ஏற்றது. அங்கேயும் இதே பாடுதான்: அந்தக் கோட்டை அந்தந்த இடத்தில் சோதித்துப் போட வேண்டும்.

சரியாகச் செய்தால் பலன் உண்டு. சுவீடனில் சுமார் 80,000 பெண்களிடம் சோதித்தார்கள். வழக்கமாக ஒவ்வொரு மேமோகிராமையும் இரண்டு மருத்துவர்கள் பார்ப்பார்கள். இந்தச் சோதனையில் ஒரு பாதிப் பெண்களுக்கு நிரல் 1 முதல் 10 வரை மதிப்பெண் போட்டது. 10 வந்த படத்துக்கு மட்டும் இருவர், மற்றதற்கு ஒருவர். படிக்கும் வேலை 44 சதவீதம் குறைந்தது, கண்டுபிடித்த புற்றுநோய் குறையவில்லை. எல்லாப் படத்தையும் ஒரு மருத்துவராவது பார்த்தார், அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கண்ணாடிக்குப் பின்னால் கை காட்டுகிறார்கள். வேகமாகச் சொல்கிறேன். மேமோகிராம் அன்று அக்குளில் பவுடர், டியோடரண்ட் வேண்டாம். அது மார்பில் படியும் சுண்ணாம்புப் புள்ளி போலப் படத்தில் வெள்ளையாக விழும். பழைய படம் இருந்தால் கையோடு கொண்டுபோங்கள். மார்பில் கட்டி கைக்குத் தட்டுப்பட்டால், படத்தில் ஒன்றுமில்லை என்று வந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். வணக்கம்.