தோட்டத்துக்கு அட்வான்ஸ் குடுக்கறீங்களா? அக்ரிமெண்ட்டை முதல்ல பதிஞ்சுக்கங்க

(திரையில்: முத்திரைத்தாள், கீழே ரெண்டு கையெழுத்து)

வணக்கமுங்க. பல்லடம் பக்கம் ரெண்டு ஏக்கர் தோட்டம் பேசி முடியுது, அட்வான்ஸ் 5 லட்சம்னு வெச்சுக்குவோம். முத்திரைத்தாள்ல எழுதி, கையெழுத்துப் போட்டு, ஆளுக்கொரு நகல் எடுத்தாச்சு. இதோட வேலை முடிஞ்சுதுன்னுதான் நிறையப் பேரு நினைக்கறாங்க. சட்டப்படி முடியலைங்க.

2012 டிசம்பர் 1-லிருந்து தமிழ்நாட்டுல கிரய ஒப்பந்தத்தை, அதாவது இந்த மாதிரி விற்பனை அக்ரிமெண்ட்டை, கட்டாயம் பதியணும். பதிவுச் சட்டம் 17-ஆம் பிரிவுல நம்ம மாநிலம் சேர்த்த திருத்தம் இது.

பதியாட்டி என்ன ஆகும்? கிரயம் பண்ணிக் குடுக்கச் சொல்லிப் போடற வழக்குல, பதியாத ஒப்பந்தத்தையும் சாட்சியமா ஏத்துக்கலாம்னு 2023-ல உச்ச நீதிமன்றம் சொல்லிருக்கு. ஆனா அது கோர்ட்டுப் படி ஏறுன பிறகு கிடைக்கிற தைரியம். பதியாத ஒப்பந்தம் வில்லங்கத்துல, அதாவது சொத்து மேல பதிவான ஆவணங்களைக் காட்டற வில்லங்கச் சான்றுல, ஏறாது. உங்க ஒப்பந்தம் இருக்கறதே தெரியாம, முழுப் பணம் குடுத்து இன்னொருத்தர் அதே தோட்டத்தைக் கிரயம் வாங்கிட்டா, அவர்கிட்ட இருந்து அதை மீட்கறது முடியாத காரியம். பதிவுக்குச் செலவு பண்றதே உங்க ஒப்பந்தம் வில்லங்கத்துல ஒரு வரியாவது வரணும்னுதான்.

(திரையில்: சார்பதிவாளர் அலுவலகம்)

சொத்து எந்த சார்பதிவாளர் எல்லையில இருக்குதோ, அங்கதான் பதியணும். கையெழுத்தான நாள்லிருந்து 4 மாசம் டைம். தப்பிட்டா இன்னும் 4 மாசம், அபராதத்தோட. அபராதம் பதிவுக் கட்டணத்துல 10 மடங்கு வரைக்கும் போகலாம். பதிவுக் கட்டணம் அட்வான்ஸ் தொகைக்கு 1 சதவீதம், ஆக 5 லட்சத்துக்கு 5,000 ரூபாய். சுவாதீனத்தையும் (சொத்தோட அனுபவத்தையும்) இப்பவே ஒப்படைக்கறதா எழுதிட்டா, மொத்தக் கிரயத் தொகைக்கும் 1 சதவீதம் ஆயிரும். வாங்கறவரு, விக்கறவரு, ரெண்டு சாட்சி எல்லாரும் அடையாள அட்டையோட வரணும். அட்வான்ஸை ரொக்கமா 20,000 ரூபாயோ அதுக்கு மேலயோ கைமாத்தாதீங்க. வாங்குன தொகை அளவுக்கே வருமான வரித்துறை அபராதம் போடலாம், அதுவும் விக்கறவர் தலையில.

(திரையில்: கிணறு, வண்டித்தடம்)

இனி சொத்து விவரம். நம்ம பக்கம் சண்டை பெரும்பாலும் இங்கதான் பொறக்குது. உட்பிரிவோட க.ச. நெம்பர் (சர்வே நெம்பர்), விஸ்தீரணம் (பரப்பளவு), நாலு பக்கச் செக்குபந்தி (எல்லைகள்) எல்லாம் பத்திர எழுத்தர் எழுதிருவாரு. விட்டுப்போறது கிணறும் தடமும். அண்ணந்தம்பி பாகம் பிரிச்ச தோட்டத்துல கிணறு பங்காளியோட நெம்பர்ல இருக்கும். 4-ல் 1 பாகம் கிணறு, தண்ணி முறை, மோட்டார் சர்வீஸ், இட்டேரி (ரெண்டு வேலிக்கு நடுவுல போற மண்பாதை) வரைக்கும் போற வண்டித்தடத்தோட அகலம், எல்லாத்தையும் பாகப்பிரிவினைப் பத்திரத்தை வெச்சுப் பார்த்து ஒப்பந்தத்துலயே எழுதுங்க. பூர்வீகச் சொத்துன்னா அக்கா தங்கச்சிக கையெழுத்தும் வேணும். "அவங்க ஒண்ணும் கேக்க மாட்டாங்க"ன்னு சொன்னா நம்பிப் பணம் குடுக்காதீங்க.

கிரயத்தை எப்பக்குள்ள முடிக்கணும்னு கெடு தேதி கட்டாயம் போடுங்க. அந்தத் தேதியிலிருந்து 3 வருசத்துக்குள்ள வழக்குப் போடலைன்னா உரிமை போயிரும். மீதிப் பணத்தோட தயாரா இருந்தீங்கன்னு காட்ட பேங்க் ஸ்டேட்மெண்ட்டும், கெடு முடியறதுக்குள்ள அனுப்புன வக்கீல் நோட்டீசும் கையில இருக்கணும்.

விக்கறவங்களுக்கு ஒண்ணு. பேச்சு முறிஞ்சு அட்வான்ஸைத் திருப்பிக் குடுத்தாலும் வில்லங்கத்துல அந்த ஒப்பந்தம் அப்படியே நிக்கும். அடுத்து வர்றவரும் பேங்க்கும் அதைப் பார்த்துட்டுத் தயங்குவாங்க. பணத்தைத் திருப்பற அன்னைக்கே ரெண்டு பேரும் சேர்ந்து ரத்து ஆவணமும் பதிஞ்சுருங்க.