கட்டில் பக்கத்தில் ஒரு கூத்து

நேயர்களுக்கு வணக்கம். மருத்துவமனை வார்டுக்குள் நாடகக்காரர்களுக்கு என்ன வேலை என்று பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள். நான் மேடை நடிகை. சில வருடங்களாக வாரம் ஒரு நாள் கோமாளி வேடத்தில் குழந்தைகள் வார்டுக்குப் போய் வருகிறேன். அங்கே நடந்த ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பையனுக்கு ஏழு வயது இருக்கும். இடது கையில் ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. கை அசையாமல் இருக்க அட்டை வைத்துக் கட்டியிருந்தார்கள். பக்கத்து ஸ்டூலில் அம்மா. கட்டிலுக்கு அடியில் ஒயர்கூடை, பிளாஸ்க். நானும் என்னோடு நடிக்கும் அண்ணனும் வாசலிலேயே நின்று, "உள்ளே வரலாமா?" என்று கேட்டோம். எங்கள் மூக்கில் இருந்த சிவப்புப் பந்தைப் பார்த்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டு, "போ" என்றான்.

சரி என்று திரும்பினோம். திரும்பிய வேகத்தில் அண்ணன் கதவுநிலையில் முட்டிக்கொண்டார். அப்புறம் மெதுவாக என்னைக் கேட்டார்: "நான் போயிட்டேனா?" "இல்லண்ணே, இங்கதான் இருக்கீங்க." பையன் ஓரக்கண்ணால் பார்த்து இன்னொரு தடவை "போ" என்றான். இந்தத் தடவை குரலில் அழுகை இல்லை. நாங்கள் போய்விட்டோம். அண்ணனின் தொப்பி மட்டும் கதவுத் தாழ்ப்பாளில் மாட்டிக்கொண்டு உள்ளேயே நின்றுவிட்டது. "தொப்பி, நீயும் போ!" என்று உள்ளிருந்து சத்தம் வந்தது. தொப்பியை எடுக்க ஒரு கை நீண்டது. கையையும் விரட்டினான். இப்படியே பத்துப் பதினைந்து தடவை. கடைசியில் எழுந்து உட்கார்ந்து, ட்ரிப்ஸ் இல்லாத கையை நீட்டி நீட்டி விரட்டினான். அவன் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். நாங்கள் அன்றைக்குக் கடைசிவரை அந்த வாசலைத் தாண்டவே இல்லை.

வார்டில் படுத்திருக்கும் குழந்தையின் ஒரு நாளை நினைத்துப் பாருங்கள். விடியும் முன்பே எழுப்பி ரத்தம் எடுக்கிறார்கள். ஊசி வேண்டாம் என்றால் விட முடியாது. மருந்து கசக்கிறது என்றாலும் விட முடியாது. எல்லாம் அதன் நல்லதுக்குத்தான். ஆனாலும் நாள் முழுக்க அந்தக் குழந்தையின் 'வேண்டாம்' என்ற சொல்லுக்கு மதிப்பே கிடையாது. அங்கே அது விரட்டக்கூடிய ஆள் நாங்கள்தான். அது 'போ' என்றால் போகிற பெரியவர்கள் இரண்டு பேர் வந்திருக்கிறார்கள் என்பதே அதற்குப் பெரிய விஷயம். எங்கள் வேலையில் நான் முக்கியமாக நினைப்பது இதைத்தான். சிரிப்பு வந்தால் சந்தோஷம். வராவிட்டாலும் பரவாயில்லை.

இந்த வேலைக்கு முறையான வடிவம் கொடுத்தவர் மைக்கேல் கிறிஸ்டென்சன். நியூயார்க்கின் பிக் ஆப்பிள் சர்க்கஸைத் தொடங்கியவர்களில் ஒருவர், கோமாளி. தன் சகோதரரைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த பிறகு, 1986இல் அந்த நகரத்துக் குழந்தைகள் மருத்துவமனைக்குள் கோமாளிகளை அனுப்பத் தொடங்கினார். டாக்டர்கள் ரவுண்ட்ஸ் வருவது மாதிரியே கோமாளிகளும் ரவுண்ட்ஸ் வந்தார்கள். சிவப்பு மூக்கு மாற்று அறுவை சிகிச்சை செய்தார்கள். ரத்தத்துக்குப் பதிலாகச் சாக்லேட் பால் ஏற்றுவதாகச் சொன்னார்கள். குழந்தையைப் பயமுறுத்தும் ஒவ்வொன்றையும் எடுத்து விளையாட்டுச் சாமானாக மாற்றி அதன் கையிலேயே கொடுத்தார்கள். அந்தக் குழுவில் வேலை செய்த கரோலின் சைமண்ட்ஸ் 1991இல் பாரிஸில் ஒரு குழுவைத் தொடங்கினார். அதே வருடம் பிரேசிலில் வெலிங்டன் நொகேரா தொடங்கினார். நம் சென்னையிலும் லிட்டில் தியேட்டர் குழு எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையில் இந்த வேலையைச் செய்திருக்கிறது.

இதைப் படித்தபோது எனக்கு நம் தெருக்கூத்துக் கட்டியக்காரன்தான் நினைவுக்கு வந்தான். திரைக்குப் பின்னால் ராஜா வந்து நிற்பார். ஊரே பயபக்தியோடு பார்க்கும். கட்டியக்காரன் மட்டும், "யாருய்யா நீ? எந்த ஊரு? எதுக்கு வந்தே?" என்று கேட்பான். வார்டில் டாக்டர்தான் ராஜா. ரவுண்ட்ஸ் வந்தால் வார்டே எழுந்து நிற்கிறது. அந்த நேரத்தில் ஒரு கட்டியக்காரன் போய், "ஐயா, கழுத்துல பாம்பு தொங்குதே, கடிக்காதா?" என்று ஸ்டெதஸ்கோப்பைக் காட்டிக் கேட்டால், குழந்தைக்கு ராஜா மேல் இருக்கும் பயம் கொஞ்சம் இறங்குகிறது. நல்ல டாக்டர்கள் இதற்குக் கோபப்படுவதே இல்லை. பாம்பைத் தடவிக்கொடுத்துவிட்டுப் போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் கூத்தை அப்படியே தூக்கிக்கொண்டு உள்ளே போக முடியாது. முதல் நாள் நான் அந்தத் தப்பைச் செய்தேன். முகம் முழுக்க வெள்ளைப் பூச்சு, பெரிய குரல், கையில் பறை. இரண்டு வயதுக் குழந்தை ஒன்று அலறி மூச்சுத் திணறிப்போனது. அந்த அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது. அதற்குப் பிறகு முகத்தில் பூச்சு கிடையாது, மூக்கில் பந்து மட்டும். குரல், கட்டிலிலிருந்து கட்டிலுக்குக் கேட்டால் போதும். பறைக்குப் பதில் ஒரு சின்னக் கஞ்சிரா. அதையும் விரல் நுனியால்தான் தட்டுகிறோம்.

உள்ளே போகுமுன் சிஸ்டரிடம் கேட்டுக்கொள்வது பெரிய வேலை. யாருக்கு இன்றைக்கு ஆபரேஷன்? அந்தக் குழந்தை வெறும் வயிற்றில் இருக்கும், அதன் முன்னால் இட்லி, ஐஸ்கிரீம் என்று வாய் தவறிக்கூடச் சொல்லக் கூடாது. யாருக்கு எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கிறது? அங்கே கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் ஆட்டம். ஒவ்வொரு கட்டிலுக்கும் நடுவில் கை கழுவ வேண்டும். துடைக்க முடியாத பொம்மை உள்ளே போகாது. ரப்பர் பலூன் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, அதனால் பலூனும் இல்லை. எங்களுக்குத் தும்மல் வந்தால் அன்றைக்கு நாங்களே போவதில்லை. போட்டோ எடுப்பதும் இல்லை.

இதெல்லாம் உண்மையில் பலன் தருகிறதா என்று கேட்பவர்களுக்கு, இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரத்து ஆராய்ச்சி ஒன்றைச் சொல்வேன். 2005இல் வெளிவந்தது. ஆபரேஷனுக்குப் போகும் 40 குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். பாதிப் பேருக்கு மயக்க மருந்து கொடுக்கும் அறைவரை கோமாளிகளும் கூடவே போனார்கள். மற்றவர்களோடு பெற்றோர் மட்டும் போனார்கள். கோமாளிகள் கூடப் போன குழந்தைகளுக்குப் பயம் தெளிவாகவே குறைவாக இருந்தது. ஆனால் அதே ஆராய்ச்சியில் இன்னொன்றும் இருக்கிறது. குழந்தைகளுக்கு நல்லதுதான் என்று ஒத்துக்கொண்ட ஊழியர்களிலேயே பெரும்பாலோர், இதைத் தொடர வேண்டாம் என்றார்கள். ஆபரேஷன் தியேட்டர் வேலைக்கு இடைஞ்சலாக இருக்கிறதாம்.

இந்த இரண்டாவது பாதியைச் சொல்லாமல் விடுகிறவர்கள் உண்டு. எனக்கு அது பெரிய பாடம். வார்டு சிஸ்டர் ஒருவர் முப்பது நாற்பது குழந்தைகளைப் பார்க்கிறார். மருந்து கொடுக்கிற நேரத்தில் நாங்கள் குறுக்கே நின்றால் அவருக்குக் கோபம் வரத்தான் செய்யும். நாங்கள் போகும் வார்டிலும் ஒரு சிஸ்டர் ஆரம்பத்தில் எங்களைக் கண்டாலே முகத்தைச் சுளிப்பார். வேலை நேரத்தில் கூத்தா என்பார். நாங்கள் வாதாடவில்லை. எந்த நேரம் வந்தால் உங்களுக்குத் தொந்தரவு இருக்காது என்று ஒவ்வொரு வாரமும் அவரிடமே கேட்டோம். அவர் சொன்ன நேரத்துக்கு வந்து, சொன்ன நேரத்துக்குக் கிளம்பினோம்.

போன மாதம் ஒரு நாள் காலை ஏழரை மணிக்கு அந்தச் சிஸ்டரே போன் செய்தார். "நாலாம் நம்பர் பொண்ணுக்கு இன்னைக்கு முதுகுல ஊசி போடணும். ராத்திரியெல்லாம் தூங்கல. பத்து மணிக்கு உங்களால வர முடியுமா? அந்தத் தொப்பி அண்ணனையும் கூட்டிட்டு வாங்க" என்றார். ஒன்பதே முக்காலுக்கு நாங்கள் வார்டு வாசலில் நின்று, உள்ளே வரலாமா என்று கேட்டோம்.