வெள்ளவத்தை தொடர்மாடியில் பியர் காய்ச்சலாமா?

அடுத்த கேள்வி. வெள்ளவத்தையில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “அண்ணா, கனடாவில் இருக்கிற மச்சான் குசினியிலேயே பியர் காய்ச்சுகிறார். எனக்கும் பழக ஆசை. எங்கே தொடங்குவது?”

மச்சான் செய்யலாம் தம்பி, அங்கே சட்டம் விடுகிறது. பிரித்தானியாவில்கூட 1963 வரை வீட்டில் காய்ச்ச அனுமதிப்பத்திரம் வேண்டியிருந்தது. இங்கே இலங்கையில் 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் இன்னும் இருக்கிறது. அனுமதி இல்லாமல் மதுபானம் தயாரிப்பது குற்றம். நீங்கள் பியர் என்று சொல்வீர்கள், பிடிக்க வருகிறவர் அதையும் கசிப்பு என்கிற கள்ளச் சாராயத்தோடு சேர்த்துத்தான் எழுதுவார். அதனால் பியர் செய்முறைக்குள் நான் போகவில்லை. இஞ்சி பியரில் கை பழகுங்கள். ஈஸ்ட் சீனியைத் தின்று வாயுவை விடுகிற வேலை இரண்டிலும் ஒன்றுதான்.

கொழும்பில் உங்களுக்குப் பெரிய சிக்கல் சூடு. பியர் காய்ச்சப் பாவிக்கிற சாதாரண ‘ஏல்’ வகை ஈஸ்டுக்கு 18 முதல் 22 பாகை போதும். நம் குசினியோ பகலில் 30ஐத் தொடும். 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரன் பியர் காய்ச்சக் குளிரான நுவரெலியா மலைக்கு ஏறினது சும்மா இல்லை. மச்சான் வீட்டில் ஒரு கிழமை எடுக்கிற நொதிப்பு இங்கே மூன்றே நாளில் பொங்கி நிற்கும்.

முதலில் ஊறல், அதாவது இஞ்சியில் இருக்கிற ஈஸ்டை வளர்த்தெடுக்கிற கலவை. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், கொதிக்க வைத்து ஆற விடுங்கள். இரண்டு கப் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி துருவிய இஞ்சி, ஒரு மேசைக்கரண்டி சீனி. தோலைச் சீவ வேண்டாம், ஈஸ்ட் ஒட்டியிருப்பது அதில்தான். மண் போக அலசினால் போதும். போத்தல் வாயைத் துணியால் கட்டி, தினமும் அதே அளவு இஞ்சியும் சீனியும் போட்டுக் கிளறுங்கள். மூன்றாம் நாள் காதைக் கிட்டக் கொண்டு போனால் மெல்லிய ‘ஸ்ஸ்’ சத்தம் கேட்கும். மேலே பஞ்சு மாதிரிப் பூஞ்சணம் தெரிந்தால் யோசிக்காமல் கொட்டுங்கள். மேலாக வழித்துவிட்டுப் பாவிக்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

அப்புறம் இரண்டு லீட்டர் தண்ணீரில் 100 கிராம் இஞ்சியை இடித்துப் போட்டு, 150 கிராம் சீனியோடு கொதிக்க வைத்து வடியுங்கள். நன்றாக ஆறின பிறகுதான் தேசிக்காய்ச் சாறும் அரைக் கப் ஊறல் தண்ணீரும். சூட்டோடு ஊற்றினால் ஈஸ்ட் செத்துவிடும், மிஞ்சுவது வெறும் இஞ்சித் தண்ணீர்.

இனிப் போத்தல். இங்கேதான் நான் அடிபட்டேன். ஒரு சித்திரை மாதம், அழகாக இருக்கட்டுமே என்று கண்ணாடிப் போத்தலில் இறுக்கி மூடி, அலுமாரிக்குள் வைத்துவிட்டு இரண்டு நாள் ஊருக்குப் போய்விட்டேன். திரும்பி வந்து கதவைத் திறந்தால் சுவரெல்லாம் பிசுக்கு, அரிசி வாளிக்குள் கண்ணாடித் துண்டு. நல்ல வேளை, வீட்டில் ஆள் இல்லை. முழு அரிசியையும் வீசினோம்; அம்மா இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவார்.

ஆகவே பழகும் வரை பிளாஸ்டிக் சோடாப் போத்தல். கழுத்தில் இரண்டு அங்குலம் காலியாக விட்டு மூடி, அரை நாளுக்கு ஒரு தரம் அமுக்கிப் பாருங்கள். முதலில் விரல் உள்ளே போகும். கல்லு மாதிரி இறுகிவிட்டால் உடனே பிரிட்ஜுக்குள். கொழும்பில் ஒரு நாள், மிஞ்சினால் ஒன்றரை. அதற்கு மேல் வெளியே விட்டால் இனிப்புக் குறைந்து மதுசாரம் ஏறத் தொடங்கும். ஒன்றுமே ஏறாது என்று இல்லை, கொஞ்சம் இருக்கவே செய்யும், சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். ஒரு கிழமைக்குள் குடித்து முடியுங்கள். பிரிட்ஜுக்குள்ளும் அது சும்மா இருக்காது, மெல்ல மெல்ல வாயு ஏறிக்கொண்டே இருக்கும்.