அரிக்கன்சட்டியில இருந்து புல்மோட்டை மட்டும்

வணக்கம் நேயர்களே. சுரங்கப் பொறியியல் எப்பிடி வளந்து வந்தது எண்டு கதைக்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்கினம், ஆனா யாழ்ப்பாணத்தில சுரங்கத்தை ஆர் கண்டது எண்டு கேப்பியள், அதால நான் முதல் உங்களைக் குசினிக்குள்ள கூட்டிக்கொண்டு போறன்.

அரிக்கன்சட்டி ஞாபகம் இருக்கோ? உள்பக்கம் வரிவரியாப் பள்ளம் போட்ட மண்சட்டி. அம்மா அதில அரிசியைப் போட்டுத் தண்ணி விட்டு, சரிச்சுப் பிடிச்சு ஆட்டி ஆட்டி அரிசியைக் கொஞ்சம் கொஞ்சமா மற்றச் சட்டிக்க விழுத்துவா, கடைசியில அந்த வரியளுக்க கல்லு மட்டும் தங்கி நிக்கும். கனிமம் பிரிக்கிற ஆலையில அதிருற மேசை எண்டு ஒண்டு இருக்குது, சாய்வான பலகை, அதில நீளத்துக்கு வரி, மேல தண்ணி ஓடும், மேசை ஆடும், பாரமான மணி வரியோட ஒரு பக்கம் போகும், பாரம் குறைஞ்சது தண்ணியோட கீழ இறங்கும். நான் வேலைக்குப் போன புதுசில அதை முதல் பாத்தோடன எனக்கு அம்மாவின்ர கைதான் கண்ணுக்க வந்தது.

1556இல அக்ரிகோலா எண்டு ஒரு ஜெர்மன் வைத்தியர் எழுதின புத்தகம் வெளிவந்தது, சுரங்க ஊருகளில வைத்தியம் பாத்த மனுசன், புத்தகம் வர முதல் வருசம் செத்துப்போனார். அதில ஆக்கள் உலோகக் கல்லை இடிச்சு, அரிச்சு, கழுவிப் பிரிக்கிற படங்கள் கனக்க இருக்குது. எனக்கு அதில பிடிச்சது என்னெண்டால், தோண்டுறதுக்குக் குடுத்த அளவு கவனத்தை அவர் பிரிக்கிறதுக்கும் குடுத்திருக்கிறார். தோண்டிப்போட்டாக் காணும் எண்டு பலர் நினைக்கினம், ஆனா தோண்டி எடுக்கிறதில வேண்டியது கொஞ்சம், வேண்டாதது மலை, ரெண்டையும் பிரிக்கிற வித்தைதான் இந்தத் தொழிலை நடத்துது எண்டுறது என்ர அபிப்பிராயம்.

சரி, தோண்டுறதையும் ஒருக்காச் சொல்லிப்போட்டுப் போறன். எங்கட ஆக்களுக்கு அது ஒண்டும் புதுசில்லை, சுண்ணாம்புக் கல்லுக்க கிணறு வெட்டினவை நாங்கள். என்ர சித்தப்பா அலவாங்கால துளை போட்டு, வெடி வைச்சு, திரியைப் பத்தவைச்சிட்டு ஏறி ஓடி வருவார், நாங்கள் பெடியள் தூர வேலிக்குப் பின்னால காதைப் பொத்திக்கொண்டு நிப்பம். வெடி இல்லாத காலத்தில பாறையில விறகடுக்கி நெருப்பு மூட்டிச் சுடவைச்சு, தண்ணி ஊத்தி வெடிக்கப் பண்ணித்தான் உடைச்சவை, பெரிய புகை, கன உயிர் போயிருக்கும். 1627இல இப்ப ஸ்லோவாக்கியாவில இருக்கிற ஒரு சுரங்க ஊரில வெடிமருந்தைப் பாவிச்சது பதிவில இருக்குது. ஆனா திரி நம்பேலாத திரி, சிலது சட்டெண்டு எரியும், சிலது அணைஞ்ச மாதிரிக் கிடந்து கிட்டப் போகேக்க வெடிக்கும். 1831இல இங்கிலாந்தின்ர கோர்ன்வோலில தோல் யாவாரம் செய்த பிக்ஃபோர்ட் எண்டவர் ஒரே வேகத்தில எரியிற திரியைக் கண்டுபிடிச்சார், 1867இல நோபல் டைனமைற்றுக்குக் காப்புரிமை எடுத்தார். டைனமைற்றைத்தான் எல்லாரும் சொல்லுவினம், நான் எண்டால் அந்தத் திரியைத்தான் முதல் சொல்லுவன், சித்தப்பா மாதிரி ஆக்களை வீட்டுக்குத் திருப்பி அனுப்பினது அதுதான்.

இனிப் பிரிக்கிற கதை. எங்களுக்குக் கிட்ட இருக்கிறது திருகோணமலைப் பக்கத்துப் புல்மோட்டை. 1957இல தொடங்கின கனிய மணல் கூட்டுத்தாபனம், இப்ப லங்கா கனிய மணல் நிறுவனம். கடற்கரையில கறுப்பு மணல், அதில அதிகமாக் கிடக்கிறது இல்மனைற் எண்ட கனிமம், அதோட றூட்டைல், சிர்க்கோன், கொஞ்சமா மொனசைற் எண்டு வேற கனிமங்களும். இப்பிடியான மணலை எப்பிடிப் பிரிக்கிறது எண்டு சொல்லுறன், கேளுங்கோ, வடிவான வேலை. முதல் தண்ணி. சாதாரண வெள்ளை மணலின்ர அடர்த்தி தண்ணியிலும் பாக்க 2.65 மடங்கு, இல்மனைற் நாலரைக்கு மேல, அப்ப சுருள் பீலியில தண்ணியோட ஓடவிட பாரமானது உள்பக்கம் ஒதுங்கும், அரிக்கன்சட்டி வேலைதான். பிறகு காயவைச்சுக் காந்தத்துக்குக் கிட்ட விட இல்மனைற் இழுபடும், றூட்டைலும் சிர்க்கோனும் இழுபடாது. இந்த ரெண்டையும் என்ன செய்யிறது? பாரமும் கிட்டத்தட்ட ஒண்டு, காந்தத்துக்கும் மசியுதில்லை. அதுக்குத்தான் மின்சாரம். உருளை ஒண்டு சுத்தும், மேல உயர் அழுத்த மின்சாரம், மணி அதில விழேக்க மின்னேற்றம் வரும், றூட்டைல் மின்சாரத்தைக் கடத்துறபடியா ஏறினதை உடன விட்டிட்டுத் தெறிச்சுப் போகும், சிர்க்கோன் விடாது, உருளையோட ஒட்டிக்கொண்டே சுத்தி வரும், அதைப் பின்னால பிரஷ்ஷால தட்டி விழுத்த வேணும். மணல் மணி ஒவ்வொண்டின்ரயும் குணத்தைக் கண்டுபிடிச்சு, அந்தக் குணத்தை வைச்சே அதைக் கூப்பிட்டெடுக்கிறது, இத்தினை வருசத்துக்குப் பிறகும் எனக்கு அது சலிக்கேல்லை.

இல்மனைற்றும் றூட்டைலும் வெள்ளைப் பெயின்றுக்குப் போகுது, சிர்க்கோன் மாபிளுக்கும் பீங்கானுக்கும். மொனசைற் கதை வேற. 1909இல ஷொம்பர்க் எண்ட ஜெர்மன்காரர் திருவிதாங்கூரில இருந்து போன தும்புக் கயித்தில ஒட்டியிருந்த மணலைப் பாத்து, அதில மொனசைற் இருக்குதெண்டு கண்டுபிடிச்சு, மணவாளக்குறிச்சி மட்டும் தேடி வந்தவர். அதில இருக்கிற தோரியம் எண்ட உலோகம் அந்த நாளில காஸ் விளக்கின்ர வலைக்குத் தேவைப்பட்டது. பெற்றோமாக்ஸ் வலை மாத்தின ஆக்கள் இப்ப கேட்டுக்கொண்டிருப்பியள், தொட்டா உதிருற அந்த வெள்ளைச் சாம்பல்தான்.

இன்னொரு பெரிய மாற்றம் ஒஸ்ரேலியாவில, புரோக்கன் ஹில்லில, 1900களின்ர தொடக்கத்தில. ஈயமும் வெள்ளியும் எடுத்துப்போட்டு, துத்தநாகத்தைப் பிரிக்கத் தெரியாமல் கழிவெண்டு மலை மலையாக் கொட்டி வைச்சவை. பேந்து கல்லை மாவா அரைச்சு, தண்ணியில கலந்து, கொஞ்சம் எண்ணெய் விட்டுக் காத்துக் குமிழ் அடிச்சினம். எண்ணெய் பூசுப்பட்ட கனிமத் தூளுக்குத் தண்ணி பிடியாது, குமிழில ஒட்டிக்கொண்டு மேல வரும், நுரையை வழிச்செடுத்தாச் சரி. அம்மாவின்ர சட்டியில பாரமானது கீழ, இஞ்ச பாரமானது மேல மிதக்குது! உலகத்தில எடுக்கிற செம்பில பெரும்பங்கு இண்டைக்கும் இப்பிடித்தான் வருது, உங்கட வீட்டுக் கறண்டுக் கம்பியில இருக்கிறதும் நுரையில வந்த செம்பாத்தான் இருக்கும்.

ஆனா இதுக்குள்ள ஒரு வில்லங்கம் இருக்குது, அதைச் சொல்லத்தான் இண்டைக்கு முக்கியமா வந்தனான். பிரிக்கிற வித்தை வளர வளர, முந்தி திரும்பியும் பாக்காத கல்லையெல்லாம் தோண்டத் தொடங்கினம். 1906இல அமெரிக்காவின்ர பிங்ஹாம் கன்யனில நூற்றுக்கு ரெண்டு பங்கு செம்புள்ள கல்லைத் திறந்த குழியாத் தோண்ட வெளிக்கிட்டது அப்ப பெரிய புதினம். இண்டைக்கு அரைப் பங்கு இருந்தாலும் தோண்டுறாங்கள். அரைப் பங்கு எண்டால் ஆயிரம் கிலோ கல்லில அஞ்சு கிலோ செம்பு. மிச்சம் 995 கிலோவில பெரும்பங்கு மாவா அரைச்சபடி தண்ணியோட எங்கயோ கிடக்க வேணும். கோலார் தங்கவயலில தமிழ்ச் சனம் மூண்டு கிலோமீற்றருக்கும் மேல ஆழத்தில இறங்கி வேலை செய்தது, 2001இல சுரங்கம் மூடியாச்சு, சயனைட் போட்டுத் தங்கம் எடுத்த மண் மேடு மேடா இண்டைக்கும் ஊருக்குப் பக்கத்தில நிக்குது, காத்தடிச்சாத் தூசி வீட்டுக்க வரும். 2019 ஜனவரி 25ஆம் திகதி பிறேசிலில புருமாடின்யோ எண்ட இடத்தில இரும்புச் சுரங்கக் கழிவைத் தேக்கி வைச்ச அணை உடைஞ்சு 270 பேர் செத்தவை. கீழ சாப்பாட்டுக் கூடத்தில இருந்த வேலையாக்களும் அதுக்குள்ள. வெளிய பாத்தா இறுகின மண்மேடு மாதிரித்தான் நிண்டது, உள்ளுக்க ஈரத்தோட இருந்த மண் ஒரே நேரத்தில கூழாப் போட்டுது.

எங்கட பக்கத்துக்கு வருவம். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950இல தொடங்கி 1990 மட்டும் ஓடினது, களிமண் முருங்கனில இருந்து வந்தது, கல்லு எங்கட காலுக்குக் கீழ இருந்து. எத்தினை வீட்டில அடுப்பெரிஞ்சது அதால, அதை நான் மறக்கேல்லை. குழியளும் அங்கதான் கிடக்குது. குடாநாட்டில நல்லதண்ணி உப்புத்தண்ணிக்கு மேல மிதக்குது, கணக்குச் சொல்லுறன், கடல்மட்டத்துக்கு மேல ஒரு அடி நல்லதண்ணி நிண்டாக் கீழ ஏறக்குறைய 40 அடிக்கு நல்லதண்ணி இருக்கும். அப்ப மேல ஒரு அடி இறங்கினா கீழ இருந்து உப்பு 40 அடி ஏறும். கடலோரத்தில கல்லை ஆழமா எடுக்கிறதெண்டால் கல்லு விலையோட இந்தக் கணக்கையும் சேத்துப் பாக்க வேணும். எங்களுக்கு ஆறில்லை, கிணறுதான்.

இப்ப மன்னார்த் தீவிலயும் இல்மனைற் மணல் எடுக்கிற கதை வந்து சனம் எதிர்த்துப் போராடுது. நான் வாழ்நாள் முழுக்க இந்த வேலை செய்தனான், மணலைத் தொடவே கூடாதெண்டு சொல்ல மாட்டன். ஆனா மன்னார் தாழ்ந்த மண், அங்கயும் நல்லதண்ணி உப்புக்கு மேலதான் நிக்குது. நான் அந்தக் கூட்டத்தில இருந்தால், எத்தினை தொன் எடுப்பியள், எவ்வளவு காசு வரும் எண்டு கேக்க முதல், எத்தினை அடி தோண்டுவியள், அந்த இடத்தில மாரியிலயும் கோடையிலயும் கிணத்துத் தண்ணி எத்தினை அடியில நிக்குது, பிரிச்சு மிஞ்சிற மணலைத் திருப்பி எந்தக் குழிக்க எப்ப போடுவியள், அதை ஆர் அளந்து பாக்கிறது எண்டு கேப்பன். எழுத்தில தாங்கோ எண்டும் கேப்பன். இந்தக் கேள்வியளைக் கேக்க எஞ்சினியராத்தான் இருக்க வேணுமெண்டில்லை, மன்னாரில கிணறு வைச்சிருக்கிற ஆரும் கேக்கலாம்.

எனக்குத் தந்த நேரம் முடியுது. வணக்கம்.