ஓர் இரவின் விலை 3,600 டாலர்: ஆஸ்திரேலியாவின் குழந்தைப் பராமரிப்புத் தொகைக் கணக்கு

[திரையில்: நாட்காட்டி, 51 கட்டங்களில் வண்ணம்]

வணக்கம். பிரிந்து வாழும் ஒரு தந்தையிடம் குழந்தை ஆண்டுக்கு 51 இரவுகள் தங்குகிறது; ஏற்பாடு சற்றே மாறி அது 52 ஆகிறது. அந்த ஓர் இரவால், குழந்தையின் பராமரிப்புக்காக அவர் ஆண்டுக்குத் தாய்க்குச் செலுத்த வேண்டிய தொகை 9,000 டாலரிலிருந்து 5,400 டாலராக இறங்குகிறது என்றால் நம்புவீர்களா? சிட்னியிலும் மெல்பர்னிலும் இருந்து பார்க்கும் தமிழ்ப் பெற்றோர் இதைக் கட்டாயம் இறுதிவரை பாருங்கள்.

பின்னணியை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். 1989ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சர்வீசஸ் ஆஸ்திரேலியா என்ற அரசு அலுவலகம் இத்தொகையை மதிப்பிடுகிறது. இப்போதைய சூத்திரம் 2008 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது.

ஒவ்வொருவர் வருமானத்திலிருந்தும் அவரவர் வாழ்க்கைச் செலவுக்கென ஒரு தொகையைக் கழித்து, மீதியில் யாருக்கு எத்தனை சதவீதம் என்று பார்ப்பார்கள். அது வருமானப் பங்கு. குழந்தையை வைத்திருக்கும் இரவுகளுக்கு ஈடாகத் தரப்படுவது செலவுப் பங்கு. முன்னதிலிருந்து பின்னதைக் கழித்து வரும் சதவீதத்தைக் குழந்தைக்கான ஆண்டுச் செலவால் பெருக்கினால் தொகை கிடைத்துவிடும்.

[திரையில்: படிக்கட்டு]

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. செலவுப் பங்கு சாய்தளம்போல் மெல்ல ஏறுவதில்லை. முதல் படியே ஆளுயரத்துக்கு நிற்கிறது. கவனிப்பு, அதாவது ஆண்டின் இரவுகளில் குழந்தை அவரிடம் தங்கும் விகிதம், 14 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பங்கு பூஜ்யம். 14ஐத் தொட்டவுடன் 24 சதவீதம். வாரம் இருமுறை வரும் குழந்தைக்கும் படுக்கை, அறை, பயணம் என நிலையான செலவுகள் உண்டு என்பதே இதற்கான நியாயம். தந்தையின் வருமானப் பங்கு 60 சதவீதம், குழந்தையின் ஆண்டுச் செலவு 15,000 டாலர் என்று எடுத்துக்காட்டுக்கு வைத்துக்கொள்வோம். 51 இரவுகள் 13.97 சதவீதம், பாதிக்குக் குறைவான கவனிப்பைக் கீழ்நோக்கியே முழுமையாக்குவதால் அது 13 ஆகிவிடுகிறது, ஆகவே அவர் 60 சதவீதத்தையும் செலுத்துகிறார். 52 இரவுகளில் கவனிப்பு 14ஐத் தொடுவதால், 60இல் 24 போக அவர் செலுத்துவது 36 சதவீதமாகிறது.

ஒன்றுவிட்டு ஒரு வார இறுதியில் இரண்டு இரவுகள் என்று பெருக்கிப் பாருங்கள், மிகச் சரியாக 52 வருகிறது! ஒரு வெள்ளிக்கிழமை குழந்தைக்குக் காய்ச்சல் வந்து வரமுடியாமல் போனால் என்னாகும் என்று பதற வேண்டாம். ஏறத்தாழ ஓராண்டுக்கான வழக்கமான ஏற்பாட்டையே பார்க்கிறார்கள்.

ஆனால் படியேறிய பின் நீண்ட சமதளம். பள்ளி விடுமுறையில் பாதியையும் தந்தையே ஏற்று இரவுகள் 80ஐத் தாண்டினாலும், 127 வரை தொகையில் ஒரு காசும் மாறாது. 128ஆம் இரவில் பங்கு வெறும் 25 சதவீதமாகும். 15,000 டாலர் கணக்கில் ஆண்டுக்கு 150 டாலர்தான் வேறுபாடு. அதன்பின் கவனிப்பு கூடும் ஒவ்வொரு சதவீதத்துக்கும் பங்கு 2 சதவீதம் கூடி, கவனிப்பு 48ஐ எட்டும்போது 50 சதவீதமாகிறது. விடுமுறை முழுக்க உணவும் உல்லாசமும் தந்தவருக்கு இந்தச் சமதளம் சற்றே அநியாயம் என்பது என் கருத்து. ஆனால் 30 சதவீதத்துக்குக் குறைந்த கவனிப்பைக் கணக்கிலேயே சேர்க்காத 2008க்கு முந்தைய முறையோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல்.

சரிபாதியாகப் பிரித்துக்கொண்டால் யாரும் யாருக்கும் தர வேண்டாம் என்ற நம்பிக்கையும் தவறு. நம் தந்தை 182 இரவுகள் வைத்திருந்தாலும், 60இல் 50 போக எஞ்சும் 10 சதவீதத்துக்காக 1,500 டாலர் செலுத்தியே ஆக வேண்டும்.

குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்பதை இந்த அலுவலகம் தீர்மானிப்பதில்லை. அது நீதிமன்றத்தின் வேலை.

[திரையில்: 28]

கவனிப்பு மாறினால் 28 நாட்களுக்குள் தெரிவியுங்கள். மாறிய நாளிலிருந்தே புதிய கணக்கு தொடங்கும். தாமதித்தால், கவனிப்பு குறைந்தவருக்கு மாறிய நாளிலிருந்தும், கூடியவருக்குத் தெரிவித்த நாளிலிருந்தும்தான் மாற்றம் பொருந்தும். இடைப்பட்ட நாட்களில் கூடுதலாகக் கவனித்துக்கொண்டவரின் உழைப்பு எவர் கணக்கிலும் ஏறாது. உங்கள் ஏற்பாட்டில் ஆண்டுக்கு எத்தனை இரவுகள் என்பதைக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். எண் மட்டும் போதும், குடும்ப விவரங்கள் வேண்டாம்.