ஐந்து எண்களிலிருந்து ஒரு நிரல்

நண்பர்களே, பலகையில் ஐந்து எண்கள் எழுதியிருக்கிறேன்: 40, 14, 61, 22, 90. கணினிக்குள் இதை ஒரு மரபணு வரிசையாக வைத்துக்கொள்வோம். இதிலிருந்து ஒரு கணினி நிரல் எப்படிப் பிறக்கிறது என்று கையாலேயே போட்டுப் பார்ப்போம்.

அயர்லாந்தின் லிமரிக் பல்கலைக்கழகத்தில் கானர் ரயன், ஜே. ஜே. காலின்ஸ், மைக்கேல் ஓநீல் மூவரும் 1998இல் வெளியிட்ட முறை இது. இலக்கணப் படிமலர்ச்சி (grammatical evolution) என்று சொல்லலாம்: உயிரினங்களைப் போல நிரல்களையும் தலைமுறை தலைமுறையாக மாற்றி, நல்லவற்றைத் தேர்ந்தெடுத்து வளர்ப்பது. பிறழ்வு, அதாவது தற்செயலான மாற்றம், எண்களில் நடக்கும். எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்ற மதிப்பெண் நிரலுக்குக் கிடைக்கும். நடுவில் நிற்பது இலக்கணம்.

நம் இலக்கணத்தில் விரிக்க வேண்டியது 'கோவை' (கணக்கில் வரும் expression) என்ற ஒரே சொல்; ஒரு கோவையில் தொடங்குகிறோம். அதை விரிக்க நான்கு வழி: 0 என்றால் கோவை + கோவை, 1 என்றால் கோவை × கோவை, 2 என்றால் 'க' என்ற மாறி, 3 என்றால் 1 என்ற எண். ஒவ்வொரு எண்ணையும் நான்கால் வகுத்து மீதியைப் பாருங்கள். இடக்கோடியில் இருக்கும் கோவையைத்தான் முதலில் விரிக்க வேண்டும்.

40க்கு மீதி 0: கோவை + கோவை. 14க்கு மீதி 2. இடப்பக்கம் 'க' ஆகிவிட்டது. 61க்கு மீதி 1. வலப்பக்கம் பெருக்கலாகப் பிரிகிறது. 22, 90 இரண்டுக்கும் மீதி 2. சரி, வந்துவிட்டது: க + க × க.

இப்போது 40ஐ 44 ஆக்குங்கள். மீதி அதே 0, நிரல் அசையவில்லை. நம் உடலிலும் இப்படித்தான். கிளைசின் என்ற அமினோ அமிலத்துக்கு நான்கு கோடான்கள், அதாவது மரபணுவின் மூன்றெழுத்துச் சொற்கள். மூன்றாவது எழுத்து எதுவானாலும் கிளைசின்தான். உயிரியலிலிருந்து ரயன் குழுவினர் தெரிந்தே எடுத்துக்கொண்ட குணம் இது. எனக்கு மிகவும் பிடித்த இடமும் இதுதான்.

ஆனால் 14ஐ 16 ஆக்கிப் பாருங்கள். மீதி 0. 'க' இருந்த இடத்தில் இன்னொரு கூட்டல் விரிகிறது. வலப்பக்கம் போக வேண்டிய 61 இடப்பக்கத்துக்குள் நுழைந்துவிடுகிறது. 90 முடிந்த பிறகும் இரண்டு கோவைகள் விரியாமல் கிடக்கின்றன. எண்கள் தீர்ந்தால் முதலிலிருந்து மறுபடி படிக்கலாம் என்று விதி உண்டு. இங்கே அதுவும் கைகொடுக்காது: சுற்றுக்குச் சுற்று மூன்று எண்கள் கோவையைக் கூட்டுகின்றன, இரண்டுதான் குறைக்கின்றன. எத்தனை சுற்றினாலும் முடியாத நிரல்!

ஒரே ஒரு எண் மாறியதற்கு இந்தக் கதி. பெற்றோரின் நல்ல குணம் பிள்ளைக்குப் போய்ச் சேராவிட்டால் படிமலர்ச்சி எதைப் பிடித்துக்கொண்டு முன்னேறும்? இந்த முறையைக் கையில் எடுக்கும் மாணவர்கள் மதிப்பெண் சூத்திரத்தில் மட்டும் நாட்களைச் செலவழிக்கக் கூடாது, எண்கள் நிரலாக மாறும் விதத்தையும் யோசிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

போர்ச்சுகலின் கோயிம்ப்ராவில் நூனோ லூரென்சோவும் உடனிருந்தவர்களும் ஒரு வழி கண்டார்கள்: இலக்கணத்தின் ஒவ்வொரு சொல்லுக்கும் தனித்தனி எண் பட்டியல். கூட்டல், பெருக்கலை மட்டும் பிரித்து 'குறி' என்று இன்னொரு சொல் ஆக்குங்கள். அப்புறம் அதன் பட்டியலில் ஓர் எண் மாறினால் + என்பது × ஆகும்; மற்ற எல்லாம் அதனதன் இடத்திலேயே இருக்கும்.